எனக்காகப் பட்டினி கிடந்த பிள்ளை

விராலிமலையில் நான் நின்று மயில் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் அன்று விடியலில் பிறந்த ஒரு பிள்ளை எனக்காகப் பட்டினி கிடந்தது. சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்த அதிர்ச்சி இன்னும் அடங்காமல்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பேச்சு முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில், கிள்ளானில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மீதியைப் பத்திரிகைகளும், என் பேருந்தில் ஏறும் பிள்ளைகளின் வாயும் சொல்லிக்கொடுத்தன. அப்பா பிறந்தது புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆவூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே என் சித்தப்பா மகன் ஆரோக்கியம் இருக்கிறான். அவன் மகள் ஜென்சிக்குத் தலைப்பிரசவம். நான் வந்தே ஆக வேண்டும் என்று மாதக்கணக்காகப் போனில் கெஞ்சினான். அவன் கெஞ்சினது போதாதென்று ஜென்சியின் மாமியார் சவரியம்மாவும் போனை வாங்கி, "நீங்க வந்து நின்னாத்தான் சம்பந்தியம்மா எங்களுக்கு நெறையும்" என்றார். யாருக்குத்தான் குளிராது? பள்ளி விடுமுறையும் சேர்ந்து வந்தது. கிளம்பிவிட்டேன்.

திருச்சியில் காலையில் இறங்கி போனைத் திறந்தால் ஆரோக்கியம். "ஆம்பளப் புள்ளக்கா. விடியக்காலம் பொறந்துச்சு. ஆப்பரேசன்தான். ரெண்டு உசுரும் நல்லாருக்கு. கார் அனுப்பட்டா? நேரா இங்கிட்டே வந்துருங்க."

கார் வேண்டாம் என்றேன். வருடம் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவளுக்கு, அடுத்தவர் ஓட்டும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவதைப்போல ஒரு சொகுசு கிடையாது. அவன் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரிக்கா, ஒங்க இஷ்டம், மெதுவா வாங்க" என்றான். அந்த ஒரு நிமிடத்தில் என்ன இருந்தது என்று அப்போது நான் கேட்டிருக்கலாம்.

பேருந்தில் என் பக்கத்தில் ஒரு இளம்பெண். மடியில் ஒரு பெண்பிள்ளை, நான்கு மாதம் இருக்கும். அதன் வாயில் ஃபீடிங் பாட்டில், பாட்டிலில் பால். பால் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். அரிசி கழுவின தண்ணீர்கூட அதைவிடக் கெட்டியாக இருக்கும். பேச்சுக் கொடுத்தேன். வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து பால்மாவு டின் கொடுத்தனுப்பியிருக்கிறாராம். அடுத்த ஆள் ஊருக்கு வருகிற வரைக்கும் அதை ஓட்ட வேண்டுமாம், அதனால் முழுக் கரண்டி போடுகிற இடத்தில் அரைக் கரண்டி. தாய்ப்பால் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். "மொத ரெண்டு மாசம் குடுத்தேங்க. பெறகுதான் டின்னு வந்துருச்சே" என்றாள். விருந்தாளி வந்ததும் வீட்டு ஆளைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டது மாதிரி சொன்னாள்.

டிரைவர் ஒரு பிரேக் போட்டார். பாட்டில் கீழே விழுந்து முன்சீட்டுக்காரரின் செருப்புவரை உருண்டு நின்றது. அவள் எடுத்தாள், ரப்பரைச் சேலைத் தலைப்பில் ஒரு துடை துடைத்தாள், திரும்பப் பிள்ளையின் வாயில் வைத்தாள். என் ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீர் இருக்கிறது, கழுவித் தருகிறேன் என்று கையை நீட்டினேன். அவள் சிரித்தாள்.

"இப்பருந்தே பழகட்டுங்க. இல்லாட்டி எதிர்ப்பு சக்தி எங்கிட்டிருந்து வரும்?"

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு நின்று ரெண்டு நாள்தான் ஆகிறது என்பதையும் அதே மூச்சில் சொன்னாள். இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னாளே தவிர, முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. அவளைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கும் இல்லை. நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், பால்வெட்டப் போகும் தாய்மார்கள் டின் பாலைத் தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் ஊற்றி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வைத்துவிட்டுப் போவார்கள். டின்னில் அழகான பிள்ளைப் படம் இருக்கும். அதைக் குடித்த பிள்ளைகள் அந்தப் படம் மாதிரி இருக்க மாட்டார்கள்.

விராலிமலைக்குக் கொஞ்சம் முன்னால் பேருந்து புகை கக்கிக்கொண்டு ஓரங்கட்டியது. ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. நானும் இறங்கி முன்னால் போய் எட்டிப் பார்த்தேன். ஊரில் நானும் பஸ்தான் ஓட்டுகிறேன் என்றதும் டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்களே பாத்துக்கிட்டு இருங்கம்மா, நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்று போயே போய்விட்டார். கண்டக்டர் சிரித்த சிரிப்பில் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். வெகுநேரம் கழித்து வேறொரு பேருந்தில் எங்களை ஏற்றிவிட்டார்கள்.

விராலிமலையில் பசி. ஒரு மெஸ்ஸில் குடல் குழம்பும் ரசமும், இலைக்கு மேல் இலையாகச் சாப்பாடு. எங்கள் ஊரில் தட்டைப் பார்த்துச் சோறு போடுவார்கள், இங்கே முகத்தைப் பார்த்துப் போடுகிறார்கள். சாப்பிட்டு முடித்து மலைப்படிகளில் மயில்களைப் பார்த்தேன். ஒன்று தோகையை இழுத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பட்டுச்சேலை தடுக்கும் அம்மாளைப் போல நடந்தது. படம் எடுத்து ஆரோக்கியத்துக்கே அனுப்பினேன். அவன் போன் செய்துகொண்டே இருந்தான். எங்கே வந்திருக்கிறேன் என்று கேட்பான், நான் சொல்வேன், "நல்லா பாத்துட்டு வாங்கக்கா, ஒண்ணும் அவசரமில்ல" என்பான். விருந்தாளியை அவசரப்படுத்தக் கூடாதாம். வா வா என்று அத்தனை விதமாகச் சொல்லத் தெரிந்த ஊருக்கு, சீக்கிரம் வா என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. சின்ன ஆஸ்பத்திரி, மாடியில் ஒரு அறை. உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒரு பாதிரியார் வந்தால் நிற்பார்களே, அப்படி. சவரியம்மா முகமெல்லாம் சிரிப்பு. ஐம்பது வயதுதான் இருக்கும். சொந்தமாக ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார், ஸ்கூட்டியில்தான் போவார் வருவார். ஜன்னல் திட்டில் வெள்ளி டம்ளர் ஒன்று, வெள்ளைக் கைக்குட்டையால் மூடி வைத்திருந்தது.

"கை கழுவிட்டு வாங்க சம்பந்தியம்மா. சேனை வைங்க."

சேனை என்றால் என் வாசகர்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித்தண்ணீரைத் தொட்டு வைப்பது. யார் வைக்கிறாரோ அவருடைய குணமும் கெட்டிக்காரத்தனமும் பிள்ளைக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை. கைக்குட்டையை எடுத்தால், சீனித்தண்ணீருக்குள் ஒரு தங்க மோதிரம் கிடந்தது. அதில் தொட்டு வைக்க வேண்டுமாம். கடல் கடந்த ஊரில் பேருந்து ஓட்டி, சொந்தமாக வீடு கட்டினவளின் கை வேண்டும் என்று என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு இதுவரை யாரும் இப்படி ஒரு பட்டம் கொடுத்ததில்லை.

பிள்ளையை வாங்கினேன். அங்கேதான் சந்தோஷம் நின்றது.

கையில் கனமான பிள்ளை, ஆனால் துணியைப் போல் துவண்டு கிடந்தான். உதடு காய்ந்திருந்தது. என் சுண்டுவிரல் அவன் வாயோரத்தில் பட்டது. பிறந்த பிள்ளை எதுவாக இருந்தாலும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பும், சப்பப் பார்க்கும். இவன் அசையவில்லை. கை மட்டும் வெடவெடவென்று நடுங்கியது.

எப்போது பால் குடித்தான் என்று கேட்டேன். ஆரோக்கியம்தான் சொன்னான், ஏதோ எனக்குப் பெருமை சேர்ப்பது போல.

"இன்னும் ஒண்ணும் குடுக்கலக்கா. நீங்க வராம எப்படிக் குடுக்குறது? பச்சத் தண்ணிகூட நாக்குல வைக்கல."

அந்தக் கணத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. விடியலிலிருந்து. நான் கார் வேண்டாம் என்றது, இரண்டாவது இலை போட்டுக்கொண்டது, மயிலுக்குப் பின்னால் போனது எல்லாம் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றன. கட்டிலில் ஜென்சி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். மார்பில் முதலில் ஊறின பாலை, அது ஆகாது என்று மதியமே பிழிந்து துணியில் துடைத்துப் போட்டுவிட்டார்களாம்.

நான் பிள்ளையோடு அறையை விட்டு ஓடினேன். நர்ஸ் ஒரு பார்வை பார்த்ததும் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "காலையிலருந்து நல்லா குடிக்கிறான்னுதானேங்க சொன்னீங்க?" என்று என் பின்னாலேயே வந்த சவரியம்மாவைக் கேட்டாள். கேட்கும்போதெல்லாம் குடித்தான் குடித்தான் என்றே சொல்லியிருக்கிறார்கள். நிஜத்தைச் சொன்னால் நர்ஸே பால் கொடுக்க வைத்துவிடுவாளே, அப்புறம் சேனை முதலாவதாக இருக்காதே. குதிகாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. ஜென்சிக்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை நோய் இருந்ததாம். அப்படிப்பட்ட தாயின் பிள்ளைக்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே சிரிஞ்சைத் தேடினார். முதலுதவி செய்து, ஆம்புலன்ஸில் புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

ஆம்புலன்ஸ் டிரைவர் ஓட்டினதைச் சொல்லியாக வேண்டும். ஒரு வேகத்தடையில்கூட வண்டி துள்ளவில்லை. சாலையில் முன்னால் போன லாரிகள் ஒதுங்கின, ஆடுகள் ஒதுங்கவில்லை. அவர் ஆட்டைத் திட்டவும் இல்லை, நிற்கவும் இல்லை, எப்படியோ போனார். என் எதிரில் சவரியம்மா உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் முழுக்கப் பச்சிளம்பிள்ளை வார்டுக்கு வெளியே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், கையில் ஊசி, அதில் குளுக்கோஸ். இரண்டு முறை வலிப்பு வந்து நின்றிருக்கிறது. மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்று கேட்டேன். இப்போதே சொல்ல முடியாது, இன்றைக்குத் தாண்டட்டும் என்றார் டாக்டர்.

சவரியம்மா ஒரு வாய் சாப்பிடவில்லை. நான் வாங்கி வந்த இட்லியைத் தொடாமல், கேட்காமலே பேச ஆரம்பித்தார். அவர் மகன், அதாவது ஜென்சியின் கணவன், பிறந்தபோது அவசரத்தில் பக்கத்தில் நின்ற கொழுந்தன் சேனை வைத்துவிட்டாராம். அந்தக் கொழுந்தன் எந்த வேலையிலும் ஒட்டாதவர்.

"எம் மகனும் அப்படியே போயிட்டான். ஒரு வருசத்துல நாலு கம்பெனி. இப்பத்தான் சிங்கப்பூருல இருக்கான், அதுவும் எத்தன நாளைக்கோ. பேரனுக்காச்சும் நல்ல கையா பாத்து வைக்கணும்னு நெனச்சேன். அவசரப்பட்டா இவனும் அப்பன மாதிரி ஆயிருவான்னுதான் பொறுத்துக்கிட்டு இருந்தேன்."

கெட்டவர் செய்த காரியமாக இருந்தால் திட்டிவிட்டு நகர்ந்திருப்பேன். இந்த அம்மாள் ஒரு நாள் முழுக்கத் தன் ஆசையை அடக்கிக்கொண்டு, பேரனின் நல்ல எதிர்காலத்துக்காகவே அவனைப் பட்டினி போட்டிருக்கிறார். எனக்கு அதுதான் திகைப்பாக இருந்தது. இட்லியைப் பிரித்து அவர் கையில் வைத்தேன். வேறு என்ன செய்ய?

மதியம் போல ஆரோக்கியம் வந்தான். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. பிரசவம் பார்த்த சின்ன ஆஸ்பத்திரியிலேயே தையலோடு படுத்திருக்கும் ஜென்சி, யாரையும் கேட்காமல் தானே பிழிந்து கொடுத்தனுப்பியிருந்தாள். ஐஸ்கட்டிப் பைக்குள் வைத்து, மடியை விட்டு இறக்காமல் கொண்டு வந்திருக்கிறான். மூடியைத் திறந்து காட்டினான். டப்பாவின் அடியில் கொஞ்சமே கொஞ்சம்.

"நெய் மாதிரி இருக்குக்கா" என்றான் மெதுவாக. அதற்குமுன் பார்த்ததில்லை போலிருக்கிறது.

நர்ஸ் அதைப் பாலாடையில், அந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும். முதலில் வழிந்தது. பிறகு தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. சவரியம்மா என் தோளைப் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது.

அடுத்தடுத்த நாட்களில் ஜென்சியும் அங்கேயே வந்துவிட்டாள். பிள்ளை நேரடியாகக் குடிக்க ஆரம்பித்தான். வலிப்பு திரும்ப வரவில்லை. மாதாமாதம் காட்ட வேண்டும், தலை நிற்பது, தவழ்வது எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பயம் எங்களோடேயே வீட்டுக்கு வந்தது.

ஜென்சி பி.எஸ்சி., பி.எட். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். ஒரு நாள் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டேன். உனக்குத் தெரியாதா?

"சீம்பாலப் பத்தி பாடமே இருக்கு அத்த. நாந்தான் நடத்தினேன். படம் வரைஞ்சு பாகமெல்லாம் குறிக்கச் சொல்லி அஞ்சு மார்க்குக் கேள்வி வச்சேன்."

"பெறகு ஏம்மா வாயத் தொறக்கல?"

"ரூம்ல அத்தன பேரு நிக்கிறாங்க. அவங்க வீட்டு மொத வாரிசு. நான் மயக்கம் தெளிஞ்சும் தெளியாமயும் கெடக்கேன். பாடத்துல இவ்வளவு பேரு நிக்க மாட்டாங்கள்ல" என்றாள்.

நான் ஊர் திரும்ப நாள் நெருங்கும்போது, எதிர்வீட்டு விக்டோரியா ஒரு தட்டில் பலகாரம் கொண்டு வந்தார். அவர் வீட்டு மாடு கன்று போட்டிருந்தது. சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்து, துண்டு துண்டாக வெட்டியிருந்தார். வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு கரைகிறது, எங்கள் ஊர்க் கடைகளில் இப்படி ஒன்று கிடையாது. உடம்புக்கு இதைவிடச் சத்து எதுவும் இல்லை என்றார். மனுஷிக்கு ஊறும் சீம்பாலை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முகத்தைச் சுளித்தார். அது மஞ்சளாகச் சீழ் மாதிரி இருக்கும், செரிக்காது, பிழிந்து ஊற்றிவிடுவோம் என்றார்.

"மாட்டுக்கு வந்தா பலகாரம், மனுசிக்கு வந்தா சீழா?"

"நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்க்கா" என்று சிரித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னார். அவர் மகள் செல்விக்கு அடுத்த மாதம் பிரசவம். சேனை வைக்க நான்தான் வர வேண்டுமாம்.

நான் வாயில் இருந்ததை விழுங்க மறந்தேன். ஏன் நான்? அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சாகக் கெடந்த புள்ளய ஒங்க கைதானே தூக்கி எழுப்புச்சு. ஊரே சொல்லுது, ராசியான கைன்னு."

ஆக, இவ்வளவுக்கும் பிறகு ஊர் கற்றுக்கொண்டது அது. பிள்ளை பிழைத்தது என் கையால். கோபம் உச்சிக்கு ஏறியது. விளக்கமாகப் பேச வாயெடுத்தேன். பாடம் நடத்தினவளே தோற்றுப்போன இடத்தில் நான் என்ன பேசுவது என்று நினைப்பு வந்தது. அந்த நொடியில் ஒரு பொய் சொன்னேன்.

"என் கைக்கு ஒரு முறை இருக்கு விக்டோரியா. தாய்ப்பால் படாத நாக்குல என் கை ஒட்டாது. பொறந்த ஒடனே தாய்கிட்ட அந்த மஞ்சப் பாலக் குடிக்கணும். அதுக்கப்பறம்தான் சேனை. அதுவும் ஒரு சொட்டு."

விக்டோரியா கையை வாயில் வைத்துக்கொண்டார். "அது தெரியாமத்தான் ஜென்சி புள்ளைக்கு அப்படி ஆயிருச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம் என்றேன். அதில் பொய்யும் இல்லையே. அன்று மாலைக்குள் அந்த முறை தெருவெல்லாம் பரவிவிட்டது. கோயிலுக்குப் போன வழியில் எனக்கே ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள், நான் புதிதாகக் கேட்பவள் போல. டாக்டரும் நர்ஸும் பாடப்புத்தகமும் செய்ய முடியாததை, வாய்க்கு வந்த ஒரு பொய் ஒரே பொழுதில் செய்துவிட்டது. சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

செல்விக்குப் பிரசவம் ஆகும்போது நான் கிள்ளானில் இருப்பேன். என் கையை ஜென்சிக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன், அவள் வைக்கட்டும் என்று விக்டோரியாவிடம் சொன்னேன். ஜென்சி அடுப்படிக்குள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அத்த, இப்படி மாட்டி விட்டுட்டீங்க? எம் புத்தி வந்தா அந்தப் புள்ள வாயே தொறக்காது."

"அப்ப நீ முன்னாடியே தொறந்துரு" என்றேன்.

நான் திரும்பி வந்து பள்ளியும் திறந்துவிட்டது. ஒரு நாள் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனைப் பார்த்தால் ஜென்சியின் குரல் பதிவு. பின்னால் பெண்கள் பேசும் இரைச்சல். பச்சை உடம்புக்காரி வெளியே வரக் கூடாது என்று எல்லாரும் தடுத்தும் கேட்காமல், தன் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, செல்விக்கு வலி கண்டதுமே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாளாம். பெண்பிள்ளையாம். சுத்தப்படுத்திக் கையில் கொடுத்த உடனே இவளே வாங்கிச் செல்வியின் மார்பில் போட்டு, அது கவ்விக் குடிக்கிற வரைக்கும் தலையைத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "விக்டோரியாக்கா டம்ளரத் தூக்கிக்கிட்டு வாசல்லயே நிக்கிறாங்க அத்த. எப்ப சேனை வைப்பன்னு கேட்டாங்க. வச்சாச்சு, குடிச்சுக்கிட்டு இருக்குன்னு சொல்லிட்டேன்."